தராசு சொல்லும் எடையை கம்ப்யூட்டரில் பிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் அதோடு இணைப்பது மவுஸ், பிரிண்டர், பென் டிரைவ், கேமரா. இவை எல்லாமே யுஎஸ்பி கேபிளில் செருகினால் போதும், தானாக வேலை செய்யும். ஆனால் கடைகளிலும் பட்டறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேறு ஒரு வகைச் சாதனங்கள் இருக்கின்றன. எலக்ட்ரானிக் தராசு, பால் பரிசோதிக்கும் கருவி, வெப்பநிலை அளக்கும் மீட்டர் போன்றவை. இவற்றில் பலவற்றின் பின்புறம் ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு சிறிய இணைப்பான் இருக்கும். அதுதான் சீரியல் போர்ட். அதன் வழியாக அந்தச் சாதனம் தான் அளந்ததை எழுத்துக்களாக வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பல இடங்களில் அதைக் கேட்பார் யாருமில்லை.

அதைக் கேட்டு கம்ப்யூட்டரில் ஒரு பைலாகப் பிடித்து வைப்பது எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். விலை கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். நான் இதைக் கற்றுக்கொண்டது என் மாமாவின் கொப்பரைக் களத்தில். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

78 கிலோ எங்கே போனது?

காங்கேயம் பக்கத்தில் மாமாவுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. காய்ந்த கொப்பரையைச் சாக்கில் கட்டி, தராசில் வைத்து, எடையைச் சத்தமாகச் சொல்வார் ஓர் அக்கா. பத்து வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்பவர். அவர் சொல்வதைக் கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதுவார். ஒரு மாத முடிவில் எண்ணெய் மில்லில் இருந்து வந்த எடைச் சீட்டுக்களைக் கூட்டிப் பார்த்தபோது, நோட்டில் உள்ளதைவிட 78 கிலோ குறைவாக இருந்தது. மாமாவுக்குக் கோபம். அக்காவின் சம்பளத்தில் 900 ரூபாயைப் பிடித்துவிட்டார்.

"நான் பார்த்த நம்பரைத்தானுங்க தம்பி சொன்னேன். ஒண்ணு கூட்டியும் சொல்லலீங்க, குறைச்சும் சொல்லலீங்க" என்று அக்கா என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். கணக்குப்பிள்ளையும் சொன்னதைத்தான் எழுதினேன் என்றார். இருவர் பேச்சிலும் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தராசின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். தூசி படிந்த ஒன்பது ஊசி இணைப்பான் இருந்தது. "மாமா, தராசையே சாட்சிக்குக் கூப்பிடலாமா?" என்று கேட்டேன். "மாப்ள, அது பேசுமா?" என்று சிரித்தார். பேசும் என்பதை அடுத்த வாரம் பார்த்தோம்.

சீரியல் போர்ட் என்றால் என்ன?

சீரியல் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக என்று பொருள். ஒரு எழுத்தில் உள்ள பிட்டுகள் அனைத்தும் ஒரே கம்பியில் வரிசையாகச் செல்லும். குறுகிய சந்தில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போவது போல. இதற்கான ஆர்எஸ்-232 என்ற தர அளவு 1960-ல் அமெரிக்காவில் வெளியானது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது மறையாததற்குக் காரணம் அதன் எளிமை. தகவல் அனுப்ப ஒரு கம்பி, பெற ஒரு கம்பி, பொதுவான கிரவுண்டு ஒரு கம்பி. மூன்றே கம்பிகளில் வேலை முடிந்துவிடும். கம்ப்யூட்டர் பக்கத்து ஒன்பது ஊசி இணைப்பானில் 2-ம் ஊசி பெறுவதற்கு, 3-ம் ஊசி அனுப்புவதற்கு, 5-ம் ஊசி கிரவுண்டு.

தேவையான பொருட்கள்

1. சீரியல் போர்ட் உள்ள சாதனம். அதன் கையேடு இருந்தால் மிக நல்லது.

2. யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் கேபிள். இப்போது விற்கும் லேப்டாப்களில் சீரியல் போர்ட் இருப்பதில்லை. எனவே இது அவசியம். கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

3. தராசுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையே ஒரு சீரியல் கேபிள். இதில் இரண்டு வகை உண்டு. நேர் கேபிளில் 2-ம் ஊசி மறுமுனையின் 2-ம் ஊசிக்கே போகும். குறுக்குக் கேபிளில் 2-ம் 3-ம் இடம் மாறும். இதை நல் மோடம் கேபிள் என்பார்கள். உங்கள் சாதனத்துக்கு எது என்பதைக் கையேடு சொல்லும்.

4. டெரா டேர்ம் என்ற இலவச சாப்ட்வேர்.

முன்பு விண்டோஸ் 95-லிருந்து எக்ஸ்பி வரை ஹைப்பர் டெர்மினல் என்ற புரோகிராம் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. 2007-ல் வெளிவந்த விஸ்டாவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். எனவே நாமாக ஒன்றை நிறுவ வேண்டும். புட்டி என்ற இலவச புரோகிராமும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் டெரா டேர்ம் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதியையும் நேரத்தையும் தானே சேர்த்துக் கொடுக்கும். நமக்கு அதுதான் முக்கியம். எனவே அதையே தேர்ந்தெடுத்தேன். கிட்ஹப் தளத்தில் உள்ள அதன் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். பெயரைத் தேடும்போது விளம்பரமாக மேலே வரும் பக்கங்களில் கிளிக் செய்ய வேண்டாம்.

முதல் படி: கன்வெர்ட்டரை விண்டோஸ் அறிந்துகொண்டதா?

கன்வெர்ட்டரை யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் விண்டோஸ் 10, 11 இரண்டும் பெரும்பாலும் டிரைவரைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். இப்போது ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். அதில் "போர்ட்ஸ்" என்று ஒரு பிரிவு இருக்கும். அதை விரித்தால் கன்வெர்ட்டரின் பெயரும் அடைப்புக்குறிக்குள் காம் 3 அல்லது காம் 5 என்பது போல ஒரு எண்ணும் தெரியும். இந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

போர்ட்ஸ் பிரிவே இல்லை, அல்லது மஞ்சள் நிற ஆச்சரியக்குறி தெரிகிறது என்றால் டிரைவர் சரியாக அமையவில்லை என்று பொருள். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப் எது என்பதை அட்டைப்பெட்டியில் பார்த்து, அந்தச் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை எடுத்து நிறுவுங்கள்.

இன்னொரு விஷயம். கன்வெர்ட்டரை வேறொரு யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் காம் எண் மாறிவிடக்கூடும். எனவே ஒரே போர்ட்டிலேயே எப்போதும் செருகுவது நல்லது. நான் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்தேன்.

இரண்டாம் படி: தராசு இல்லாமலே ஒரு சோதனை

பலர் கன்வெர்ட்டரையும் தராசையும் ஒன்றாக இணைத்துவிட்டு, திரையில் ஒன்றும் வராதபோது எதில் கோளாறு என்று தெரியாமல் தவிப்பார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் இரண்டு மணி நேரம் வீணாக்கினேன். முதலில் கன்வெர்ட்டரை மட்டும் சோதித்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

டெரா டேர்மைத் திறந்தால் நியூ கனெக்‌ஷன் என்ற சிறிய விண்டோ வரும். அதில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் குறித்து வைத்த காம் எண்ணைக் காட்டி ஓகே கொடுங்கள். கருப்புத் திரை ஒன்று வரும். இப்போது கீபோர்டில் எதைத் தட்டினாலும் திரையில் எதுவும் தெரியாது. பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். இனி கன்வெர்ட்டரின் ஒன்பது ஊசிகளில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணையுங்கள். ஊசிகளின் அருகிலேயே எண் பொடியாக அச்சிட்டிருக்கும். மற்ற ஊசிகளில் கம்பி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது கீபோர்டில் தட்டும் எழுத்துக்கள் திரையில் தெரிந்தால், அனுப்பியதே திரும்பி வருகிறது என்று பொருள். கன்வெர்ட்டரும் டிரைவரும் சாப்ட்வேரும் சரி. கம்பியை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: இருவரும் ஒரே வேகத்தில் பேச வேண்டும்

தராசு பேசும் வேகமும் கம்ப்யூட்டர் கேட்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்குப் பாட் ரேட் என்று பெயர். பரவலாகப் பயன்படுவது 9600. அதோடு டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்பது வழக்கமான அமைப்பு. சில தராசுகளில் 2400, டேட்டா பிட் 7, ஈவன் பாரிட்டி, ஸ்டாப் பிட் 1 என்று இருக்கும். உங்கள் தராசில் எது என்பது கையேட்டில் இருக்கும்.

டெரா டேர்மில் செட்டப் மெனுவில் சீரியல் போர்ட் என்பதைக் கிளிக் செய்தால் இவற்றை எல்லாம் மாற்றும் விண்டோ கிடைக்கும். ஃபுளோ கண்ட்ரோல் என்ற இடத்தில் நன் என்று வைத்துவிடுங்கள். பின்னர் செட்டப் மெனுவிலேயே உள்ள சேவ் செட்டப்பைக் கிளிக் செய்து, இந்த அமைப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை மீண்டும் அமைக்க வேண்டியதில்லை.

இப்போது தராசை அணைத்துவிட்டு, கேபிளைப் பொருத்தி, மீண்டும் ஆன் செய்யுங்கள். திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தால் வெற்றி. இல்லையென்றால் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

எதுவுமே வரவில்லையா? கேபிள் வகை தவறாக இருக்கலாம். நேர் கேபிளுக்குப் பதில் குறுக்குக் கேபிளை மாற்றிப் பாருங்கள். அல்லது தராசு தானாக அனுப்பாமல், பிரிண்ட் பட்டனை அழுத்தும்போது மட்டும் அனுப்பும் முறையில் இருக்கலாம். ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

புரியாத கிறுக்கல்கள் வருகின்றனவா? கம்பி இணைப்பு வேலை செய்கிறது, வேகம்தான் பொருந்தவில்லை. பாட் ரேட்டையும் பாரிட்டியையும் மாற்றிப் பாருங்கள்.

போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வருகிறதா? ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பயன்படுத்த முடியும். வேறு ஏதாவது புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை மூடிவிட்டு முயலுங்கள்.

நான்காம் படி: பைலில் பிடிப்பது

திரையில் ஓடுவது ஓடிப் போய்விடும். நமக்கு அது பைலாக வேண்டும். பைல் மெனுவில் லாக் என்பதைக் கிளிக் செய்யுங்கள். எங்கே, என்ன பெயரில் பதிய வேண்டும் என்று கேட்கும். ஒவ்வொரு நாளும் அந்தத் தேதியையே பெயராகக் கொடுங்கள். பின்னால் தேடுவது எளிது. அதே விண்டோவில் டைம்ஸ்டாம்ப் என்ற சிறு கட்டத்தில் டிக் செய்து, லோக்கல் டைம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்பெண்ட் என்ற கட்டத்திலும் டிக் செய்யுங்கள். இடையில் மின்சாரம் போய், மீண்டும் அதே பெயரில் தொடங்கினால் பழையது அழியாமல் அதன் தொடர்ச்சியாகப் பதிவாகும்.

கம்ப்யூட்டரின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பவர் செட்டிங்கில் ஸ்லீப் என்பதை நெவர் என்று மாற்றுங்கள். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் பதிவும் நின்றுவிடும்.

பைல் பெரிதாகி ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். வினாடிக்கு 10 வரிகள் வீதம் 8 மணி நேரம் ஓடினால் 2,88,000 வரிகள். நேரத்தோடு சேர்த்து வரிக்கு 45 எழுத்துக்கள் என்று வைத்தாலும் சுமார் 13 எம்பிதான். சில நிமிட வீடியோவைவிடக் குறைவு.

பதிவை எப்படிப் படிப்பது?

எங்கள் தராசு அனுப்பிய வரிகளில் முதலில் இரண்டு எழுத்துக்கள், பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு எடை இருந்தது. அந்த இரண்டு எழுத்துக்கள் எஸ்டி என்று இருந்தால் எடை நிலைத்துவிட்டது என்று பொருள். யுஎஸ் என்று இருந்தால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்லாத் தராசுகளும் இதே வடிவில் அனுப்புவதில்லை. ஆனால் பல தராசுகளில் இந்த அடையாளம் உண்டு. உங்கள் கையேட்டில் இதற்கான பட்டியலைத் தேடிப் பாருங்கள்.

லாக் பைலை நோட்பேடில் திறந்து, ரீப்ளேஸ் வசதியில் கிலோவைக் குறிக்கும் கேஜி எழுத்துக்களை நீக்கிவிடுங்கள். பின்னர் அதை சிஎஸ்வி என்ற எக்ஸ்டென்ஷனோடு வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். மூலப் பைலைத் தொடாமல் வைத்திருப்பது முக்கியம். சிஎஸ்வி பைலை எக்ஸெலில் திறந்தால் நேரமும் அடையாள எழுத்தும் ஒரு காலத்திலும், எடை அடுத்த காலத்திலும் அமையும். டேட்டா மெனுவில் பில்டரைப் பயன்படுத்தி, எஸ்டி உள்ள வரிகளை மட்டும் காட்டச் சொல்லலாம்.

தராசு சொன்ன சாட்சி

ஒரு நாள் முழுக்க பதிவு செய்தோம். அன்று 40 மூட்டைகள். வழக்கம் போல அக்கா எடை சொன்னார், கணக்குப்பிள்ளை எழுதினார். யாருக்கும் எந்த மாற்றமும் சொல்லவில்லை. மாலையில் நானும் மாமாவும் உட்கார்ந்து நோட்டையும் பதிவையும் ஒப்பிட்டோம். 29 மூட்டைகள் சரியாகப் பொருந்தின. 11 மூட்டைகளில் நோட்டில் இருந்த எடை கூடுதல்.

ஒரு மூட்டையைப் பாருங்கள். நோட்டில் 50.90. பதிவில் அந்த நேரத்தில் 51.36, 50.90, 50.31 என்று மூன்று வரிகள். மூன்றுக்கும் முன்னால் யுஎஸ். அதற்குப் பிறகுதான் எஸ்டி போட்டு 50.12. அதாவது 50.90 என்ற எண்ணைத் தராசு உண்மையாகவே காட்டியிருக்கிறது. மூட்டையைத் தொப்பென்று போட்டதும் எண் மேலே எகிறி, பிறகு இறங்கி நின்றிருக்கிறது. லாரி காத்திருக்கும் அவசரத்தில், எண் நிற்பதற்குள் வாசித்துவிட்டார்கள். 11 மூட்டைகளிலும் இதே கதை. அன்றைக்கு மட்டும் வித்தியாசம் 6.20 கிலோ.

அந்த மாதம் 13 நாட்கள் லோடு போயிருந்தது. 6.20-ஐ 13-ஆல் பெருக்கினால் 80.60. போனதாகச் சொன்ன 78 கிலோவுக்கு மிக அருகில். ஒரு நாள் பதிவு போன மாதத்துக்கு முழுச் சாட்சி ஆகாது. கொப்பரை மேலும் காய்ந்தாலும் எடை குறையும். ஆனால் யாரும் எடுக்காமலே எடை குறைய முடியும் என்பதை மாமா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை சம்பளத்தோடு 900 ரூபாயையும் சேர்த்து அக்கா கையில் கொடுத்தார். "தப்பு என் பேர்ல தானுங்க அம்மணி" என்று எல்லோர் முன்பாகவும் சொன்னார்.

இப்போது தராசின் மெனுவில் தொடர்ந்து அனுப்பும் முறையை மாற்றிவிட்டோம். எண் நின்ற பிறகு அக்கா பிரிண்ட் பட்டனை அழுத்துவார். மூட்டைக்கு ஒரு வரி மட்டும் நேரத்தோடு பதிவாகிறது. எண் ஆடும்போது அழுத்தினால் தராசு அனுப்புவதே இல்லை. நோட்டிலும் எழுதுகிறார்கள். மாலையில் இரண்டையும் ஒப்பிட ஐந்து நிமிடம் ஆகிறது.

சில எச்சரிக்கைகள்

தராசைத் திறந்து கம்பி இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம். வியாபாரத்தில் பயன்படும் தராசுகளுக்கு 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரை இருக்க வேண்டும். அந்த முத்திரையை உடைக்கக்கூடாது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. வெளியே உள்ள போர்ட்டில் கேபிள் செருகுவதோடு நம் வேலை முடிந்தது. போர்ட் இல்லாத தராசாக இருந்தால் விற்றவரிடமே கேளுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் பழகுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்எஸ்-232 கம்பியில் பிளஸ் மைனஸ் இரு பக்கமும் 3 முதல் 15 வோல்ட் வரை வரும். 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட்டில் இயங்கும் சிறு போர்டுகளின் சீரியல் ஊசிகளில் இதை நேரடியாக இணைத்தால் அவை கருகிவிடும். அவற்றுக்குத் தனி கன்வெர்ட்டர் உண்டு.

லாக் பைல்களை வாரம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். தகராறு வரும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

இந்த முறை தராசுக்கு மட்டுமல்ல. சீரியல் போர்ட் வழியாக எழுத்துக்களை அனுப்பும் எந்தக் கருவிக்கும் இதே நான்கு படிகள்தான். காம் எண்ணைக் கண்டுபிடி, கன்வெர்ட்டரைச் சோதி, வேகத்தைப் பொருத்து, பைலில் பிடி. உங்கள் வீட்டிலோ கடையிலோ பின்புறம் ஒன்பது ஊசிகளோடு ஒரு கருவி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டி இணைத்துப் பாருங்கள். மனிதர்கள் இருவர் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதற்கு முன், கருவி என்ன சொல்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடலாம்.